கால்டுவெல் கண்ட பன்னிரு மொழிகள்

பரமத்தி வேலூர்ப் படித்துறையில் நின்று நோக்குவார்க்குக் காவிரி ஓர் ஆறாகவே தோன்றும். ஆயினும் அதில் பல மலைகளின் நீர் கலந்துள்ளது. நீலகிரியில் தோடர்களின் எருமைகள் மேயும் புல்வெளிகளில் ஊறும் நீர், பைக்காராவாய் இறங்கி, மோயாறாய்ப் பள்ளத்தாக்கில் ஓடி, பவானியோடு கலந்து, கூடுதுறையில் காவிரியைச் சேர்ந்து, கொடுமுடியைக் கடந்து வேலூரைத் தொடுகின்றது. எதிர்க்கரையில் புகழூர் ஆறுநாட்டான் மலை நிற்கின்றது. அம்மலையின் குகைத்தளத்தில் சேரர் மூவரின் பெயர்கள் தமிழி எழுத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பொறிக்கப்பெற்றன. ஆற்றின் எதிர்க்கரைப் பக்கம் கல்லில் எழுதப்பெற்ற மொழி. அதே நீரின் தலைமாட்டில் எழுத்தே காணாத மொழி. இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிறந்தவை என்பதை இலக்கணச் சான்றுகளால் உலகறிய நிறுவியவர் பேரறிஞர் இராபர்ட் கால்டுவெல்.

தமிழ் தனித்தியங்க வல்லது என்று காட்டியவர் என்ற வகையில் அவர்தம் பெயர் தமிழகத்தில் நிலைபெற்றுவிட்டது. மேடைகளும் பாடநூல்களும் அதனையே கூறும். அவர் எண்ணிய பன்னிரு மொழிகளுள் ஏடறியா மொழிகள் ஆறு இருந்தன என்பதோ மிகுதியாகப் பேசப்படுவதில்லை. அவ்வாறு மொழிகளின் வழியே அவர் வாழ்க்கையைக் காணுங்கால், அவர்தம் பெருமையும் குறையும் ஒருங்கே விளங்கும்.

இளமையும் கல்வியும்

கி.பி. 1814ஆம் ஆண்டு மே திங்கள் 7ஆம் நாள், அயர்லாந்தில் ஆன்ட்ரிம் நகரையடுத்த கிளாடி என்னும் சிற்றூரில் கால்டுவெல் பிறந்தார். பெற்றோர் இசுக்காட்லாந்து நாட்டினர். மைந்தர்க்குப் பத்து வயதானபோது குடும்பம் கிளாசுகோ நகருக்குத் திரும்பியது. இளமையில் டப்ளின் நகரில் ஓவியக்கலை பயின்றார். உருவங்களை உற்றுநோக்கி ஒப்பும் வேற்றுமையும் காணும் பயிற்சி அங்கே தொடங்கியது எனலாம். பின்னர்ச் சமயப்பணியில் நாட்டம் மிகுந்தது. தூரிகையை வைத்துவிட்டுக் கிளாசுகோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார்.

அங்குக் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் டேனியல் சாண்டுபோர்டு, ஒரு மொழியைத் தனித்து நோக்காமல் அதன் உறவு மொழிகளோடு வைத்து நோக்கும் முறையை மாணவர்க்கு உணர்த்தினார். வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றின் உறவு ஐரோப்பாவில் ஆராயப்பெற்றுவந்த காலம் அது. அவ்வகுப்பறையில் விழுந்த விதை முளைக்க இருபதாண்டு பிடித்தது. முளைத்த நிலம் தமிழ்நிலம்.

தமிழகம் நோக்கி

இலண்டன் சமயப்பணிச் சங்கத்தின் சார்பில் புறப்பட்ட கால்டுவெல் 1838ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் சென்னையிற் கரையிறங்கினார். கப்பலில் உடன்வந்தோருள் தெலுங்குப் பேரறிஞர் சார்லசு பிலிப் பிரவுனும் ஒருவர். சென்னையில் திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த துரு ஐயரோடு பழகும் வாய்ப்புக் கிட்டியது. மூன்றாண்டுக்கு மேல் அங்கே தங்கித் தமிழ் கற்றார்.

1841ஆம் ஆண்டில் ஆங்கிலத் திருச்சபையிற் சேர்ந்து திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டார். பல்லக்கிலும் குதிரையிலும் செல்வதே அக்காலத்து ஐரோப்பியர் வழக்கம். கால்டுவெல் நடந்தார். சோழநாட்டு ஊர்களைக் கண்டு, திருச்சிராப்பள்ளியை அடைந்து, கொங்கு நாட்டைக் கடந்து நீலகிரி ஏறினார். உதகையில் பேராயர் இசுபென்சரிடம் குருப்பட்டம் பெற்றார். பின் மதுரை வழியாகத் தென்பாண்டி நாட்டை அடைந்தார். அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடி அவருடைய ஊராயிற்று.

அந்நடைப்பயணம் அவருக்கு ஒரு பெரும்பாடமாக அமைந்தது. ஊருக்கு ஊர் பேச்சு மாறுவதையும், மாறியும் உறவு அறாததையும் காதாற் கேட்டுக்கொண்டே செல்லும் பயணம் அது. சமவெளித் தமிழுக்கும் நீலகிரியின் பேச்சுகளுக்கும் இடையே எத்தனை மடிப்புகள் உண்டென்பது காலால் நடந்தவர்க்கே தெரியும்.

இடையன்குடி செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த சிற்றூர். அங்கே தெருக்களை வகுத்தார், கிணறுகள் வெட்டுவித்தார், பள்ளி நிறுவினார். 1844இல் நாகர்கோவில் மால்ட் ஐயரின் மகள் எலைசாவை மணந்தார். அவ்வம்மையார் தமிழைத் தாய்மொழிபோற் பேசுபவர். பெண்களுக்குப் பள்ளி நடத்தியும் பூந்துகிற் பின்னல் கற்பித்தும் ஊருக்கு உறுதுணையானார். 1847இல் தொடங்கிய பெருங்கோயில் வேலை 1880இல் நிறைவுற்றது. கோயில் கட்டி முடிக்க முப்பத்து மூன்றாண்டு காத்திருந்த அப்பொறுமையே அவருடைய மொழியாராய்ச்சியிலும் காணப்படுகின்றது.

ஒப்பிலக்கணம்

1816ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டைக் கல்லூரியைச் சேர்ந்த பிரான்சிசு வைட் எல்லிசு, தென்மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல எனத் தெலுங்கு இலக்கணம் ஒன்றின் முன்னுரையில் காட்டியிருந்தார். 1819இல் இராமநாதபுரத்தில் அவர் திடீரென மறைந்ததால் அம்முயற்சி நின்றுபோயிற்று. விட்ட இடத்திலிருந்து நெடுந்தொலைவு சென்றவர் கால்டுவெல்.

1854இல் நலங்குன்றித் தாயகம் சென்றவர், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை இலண்டனில் வெளியிட்டார். அதில் ஒன்பது மொழிகள் இடம்பெற்றன. 1875இல் விரிந்த இரண்டாம் பதிப்பு வந்தபோது எண்ணிக்கை பன்னிரண்டாயிற்று. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகிய ஆறும் திருந்திய மொழிகள் எனப்பட்டன. நீலகிரியின் தோடா, கோத்தா, நடுவிந்தியாவின் கோண்டி, கலிங்க மலைகளின் கூ, சோட்டா நாகபுரியின் ஒராவோன், கங்கைக் கரையையொட்டிய இராசமகால் மலைமொழி ஆகிய ஆறும் திருந்தா மொழிகள் எனப்பட்டன.

இந்த எல்லையை வகுப்பது எளிதாக இருக்கவில்லை. மலையிலும் காட்டிலும் வாழ்வோர் பேசுவன எல்லாம் ஒரே குடும்பம் என்று பிரையன் ஆட்சன் முதலியோர் அந்நாளில் கருதினர். சந்தாலி, ஓ போன்ற முண்டா மொழிகளும் அதே கூடையில் இடப்பட்டன. 1854இல் மாக்சு முல்லர் முண்டா மொழிகளைப் பிரித்துக் காட்டினார். கால்டுவெலும் அவற்றைத் தம் பட்டியலிற் சேர்க்கவில்லை. அண்டை வீட்டார் என்பதால் மட்டும் உறவினர் ஆகிவிடார். நெடுந்தொலைவில் வாழ்வதால் உறவு அற்றும் போகாது. மூவிடப்பெயர், எண்ணுப்பெயர், வேற்றுமையுருபு, வினையின் அமைப்பு ஆகியவை ஒத்திருந்தால் மட்டுமே குடும்ப உறவு உண்டென்று கொள்ளலாம். கடன் வாங்கிய சொல் உறவைக் காட்டாது. இதுவே அவர் கைக்கொண்ட அளவுகோல்.

உலகின் மற்றொரு மூலையிலும் இத்தகைய பணி முன்னரே நிகழ்ந்திருந்தது. அமேசானுக்கு வடக்கே ஒரினோகோ ஆற்றங்கரையில் ஏறத்தாழப் பதினெட்டாண்டு வாழ்ந்த இத்தாலியப் பாதிரியார் ஜிலீ, காட்டுமக்களின் மொழிகளை ஒப்பிட்டு அவற்றைக் குடும்பங்களாகப் பகுத்து 1780 முதல் 1784 வரை நூலாக வெளியிட்டார். இன்று அரவாக்கு, கரீபு என்று அழைக்கப்பெறும் பெருங்குடும்பங்களின் உறவை அவர் அன்றே கண்டார். அவர் உடன் வாழ்ந்து பழகிய தமனாக்கு மக்களின் மொழியை இன்று பேசுவார் எவருமிலர். நூல் நின்றது, மொழி நிற்கவில்லை.

தோடர் யார்?

நீலகிரித் தோடர்களின் தோற்றமும் போர்வையும் கண்டு வியந்த ஐரோப்பியர் அவர்களைப் பற்றிக் கட்டிய கதைகள் பல. இசுரேலின் காணாமற்போன குலத்தார் என்றனர் சிலர். உரோமர் வழியினர் என்றனர் வேறு சிலர். கால்டுவெல் முகத்தோற்றத்தை விடுத்து மொழியை நோக்கினார். கேத்தியில் வாழ்ந்து மலைமக்களோடு பழகிய பாசல் திருச்சபையின் மெட்சு ஐயர் திரட்டிய செய்திகளும், 1873இல் மார்சல் என்பாரின் நூலில் சேர்ந்து வெளிவந்த சி.யூ. போப் ஐயரின் தோடா இலக்கணக் குறிப்பும் துணை நின்றன. தோடர்களின் மொழி திராவிட மொழியே எனத் தம் நூலின் பின்னிணைப்பில் நிறுவினார். வெளிநாட்டினின்று வந்தேறியோர் எனக் கதை கட்டப்பட்ட மக்கள், அப்பின்னிணைப்பால் தமிழர்க்கு உறவினராயினர்.

அப்பகுதிக்கு நேர்ந்த கதியும் அறியத்தக்கது. கால்டுவெல் மறைந்து இருபத்திரண்டாண்டு கழித்து 1913இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு சுருக்கப்பட்டது. தோடர் பற்றிய பின்னிணைப்பு அதில் இடம்பெறவில்லை. பலதலைமுறையினர் பயின்றது அச்சுருக்கப் பதிப்பையே. 2008இல் கவிதாசரண் பதிப்பகம் 1875ஆம் ஆண்டுப் பதிப்பை முழுமையாக மறுபதிப்புச் செய்தபோதுதான் விடுபட்டவை தமிழ்நாட்டு வாசகர் கைக்கு மீண்டும் எளிதில் எட்டின.

செவியும் நாமும்

திருந்தா மொழிகள் எனப்பட்டவை தமிழுக்கு என்ன தந்தன என்பதற்கு இரண்டு சொற்கள் போதும்.

முதற்சொல் செவி. கன்னடத்தில் இது கிவி. ககரமே பழமை, தமிழிலும் தெலுங்கிலும் அது சகரமாயிற்று என்பதைக் கால்டுவெல் கண்டு கூறினார். பின்வந்தோர் திரட்டிய சொற்களை அடுக்கிப் பார்த்தால் அக்கூற்று மலைபோல் நிற்கின்றது. கோத்தாவில் கெவ், தோடாவில் கிஃப் என்பதுபோல் ஒலிக்கும். ஒராவோன் எனப்பட்ட குரூக் மொழியில் தொண்டையில் உரசும் ககரத்தோடு கெப்தா. பலூச்சித்தான மலைகளில் வழங்கும் பிராகூயி மொழியிலும் அத்தகைய ககரமே. தமிழ் தன் இலக்கியங்களை எழுதத் தொடங்குமுன்பே இழந்துவிட்ட ஓர் ஒலியை, ஏடறியாத மலைமக்கள் தம் நாவில் இன்றளவும் காத்து வைத்துள்ளனர். தமிழ்ச்சொல் ஒன்றின் தொல்வடிவை அறிய வேண்டின் ஓலைச்சுவடி மட்டும் போதாது. கோத்தர் ஊருக்கும் செல்லவேண்டும்.

இரண்டாம் சொல் நாம். கேட்பவரையும் உளப்படுத்துவது நாம். அவரை நீக்கிச் சொல்வது நாங்கள். தன்மைப் பன்மையின் இவ்விருமையைத் திராவிடக் குடும்பத்தின் சிறப்பியல்புகளுள் ஒன்றாகக் கால்டுவெல் எடுத்துக்காட்டினார். வடமொழியில் இப்பாகுபாடு இல்லை. கங்கைக்கு அருகே இராசமகால் மலையில் மால்தோ பேசுவாரும், சோட்டா நாகபுரியில் குரூக் பேசுவாரும், கேட்பவரை உளப்படுத்தும் பன்மைக்கு வழங்கும் சொல் நாம் என்பதே, நீக்குவதற்கு ஏம். தமிழின் பழைய யாம் என்பதற்கு உறவான வடிவம் அது. வேலூர் வாய்க்காற்கரையில் உழவர் ஒருவர் அண்டைக் காட்டுக்காரரிடம் நாம் என்று சொல்வதும், பல நூறு கல் தொலைவில் மலைக்குடி ஒருவர் தம் மக்களிடம் நாம் என்று சொல்வதும் ஒரே சொல்லாகும். இவ்வுறவை இடையில் நின்ற எந்தப் பேரரசும் எந்தப் பெருமொழியும் துடைத்துவிடவில்லை.

குறைகள்

கால்டுவெல் தவறாதவர் அல்லர். திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளோடு உறவுபடுத்திய அவர் கொள்கையைப் பிற்காலத்து மொழியியலார் ஏற்கவில்லை. சங்கநூல்கள் பெரும்பாலும் அச்சேறாத காலத்தில் வாழ்ந்தமையால் தமிழிலக்கியத்தின் தொன்மையை அவர் சரிவர அளந்தார் அல்லர். புறநானூறு அச்சில் வந்தது 1894இல். அதற்கு மூன்றாண்டு முன்னரே அவர் மறைந்தார்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. 1849இல் தென்பாண்டி நாட்டில் பனைத்தொழில் செய்து வாழ்ந்த மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் அவர் எழுதிய சிறுநூல், அம்மக்களைத் தாழ்த்திக் கூறியமையால் பின்னாளில் அவர்களின் கடும் எதிர்ப்பைப் பெற்றது. உடன் வாழ்ந்த மக்களையே வெளியில் நின்று எடைபோட்ட பார்வை அது. திருந்தா மொழிகள் என்ற சொல்லாட்சியிலும் அப்பார்வையின் நிழல் படிந்திருக்கின்றது. எழுத்துண்டா, நூலுண்டா என்பதே திருத்தத்தின் அளவாயிற்று. ஆறு மலைமொழிகளையும் அவர் சாட்சிகளாக அழைத்தார், சாட்சியம் பெற்றார், வழக்கில் வென்றார். அச்சாட்சிகள் பாடும் பாட்டைக் கேட்க அவர்க்கு வாய்ப்பும் இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை.

அப்பாட்டைக் கேட்டவர் மர்ரே எமனோ. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி நீலகிரி மொழிகளை ஆராய்ந்த அவர், கோத்தர் கதைகளை 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாகவும், தோடர் பாடல்களை 1971இல் பெருநூலாகவும் வெளியிட்டார். தோடர் பாடல் சிற்றளவான அடிகளால் ஆனது. ஓரடியைச் சொன்னால் அதற்கு இணையடியும் உடன்வரவேண்டும். எந்தத் தொடருக்கு எது இணை என்பது மரபால் வகுக்கப்பட்டது. எருமை, மந்து, மலைச்சரிவு, இறந்த உறவினர் என ஒவ்வொன்றையும் பாட அவர்களிடம் இணைத்தொடர்களின் களஞ்சியம் உண்டு. எழுதி வைக்காமல் நினைவிலேயே அதனை ஆள்வர். யாப்பும் மரபும் உடைய ஒரு கவிதை அது. எழுத்தில்லாத மொழியும் திருந்திய மொழியாக இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எமனோவும் தாமசு பர்ரோவும் சேர்ந்து 1961இல் திராவிட வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டனர். 1984இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. பர்சி, பெங்கோ, கோலாமி, நாயக்கி, கோண்டா எனக் கால்டுவெல் பட்டியலில் இல்லாத மொழிகள் ஒவ்வொன்றாய்க் கண்டறியப்பட்டன. இன்று திராவிடக் குடும்பத்து மொழிகள் இருபதுக்கு மேற்பட்டவை.

மறைவும் பின்னும்

1877இல் கால்டுவெல் பேராயராக உயர்த்தப்பெற்றார். 1881இல் திருநெல்வேலியின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். 1891 சனவரியில் பதவியினின்று விலகிக் கொடைக்கானலில் தங்கியவர் அவ்வாண்டு ஆகத்து 28ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தார். ஐம்பதாண்டுக்கு முன் தமிழகத்தின் ஒரு மலையில் குருப்பட்டம் பெற்ற அவர், மற்றொரு மலையில் கண்மூடினார். உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, முப்பத்து மூன்றாண்டு முயன்று கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்யப்பெற்றது. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. 2011இல் இடையன்குடியில் அவர் வாழ்ந்த இல்லம் அரசின் நினைவில்லமாயிற்று.

அவருக்கு நினைவகம் உண்டு. அவர் எண்ணிய மொழிகளின் நிலை யாது? பன்னிரண்டனுள் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றவை தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் ஆகிய நான்கே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 30 இலட்சம்; குரூக் பேசுவோர் ஏறத்தாழ 20 இலட்சம்; மால்தோ பேசுவோர் 2 இலட்சத்து 34 ஆயிரம். இத்தனை பேர் பேசியும் அவை அட்டவணைக்கு வெளியே நிற்கின்றன. தமிழகத்திற்குள் உள்ள தோடாவும் கோத்தாவும் இன்னும் சிறியன. பதினாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் மொழியின் பெயர் கணக்கெடுப்பின் மொழிப்பட்டியலில் தனியே அச்சாவதில்லை. பிற என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிடும். இவ்விரு மொழிகளையும் அழிவின் விளிம்பில் நிற்பவை என யுனெசுகோ நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது.

அம்மொழிகளை நெருக்குவது கடல்கடந்து வந்த மொழி மட்டுமன்று. பள்ளியிலும் சந்தையிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் தோடர் குழந்தையும் கோத்தர் குழந்தையும் எதிர்கொள்வது தமிழை. வடமொழியின் நிழலினின்று தமிழை விடுவித்த சான்றுகளுள் ஒரு பங்கு அவர்களின் மூதாதையர் நாவிலிருந்து வந்தது. அத்தமிழின் நிழலிலேயே அவர்தம் மொழி இன்று வெளிறுகின்றது. ஆயின் தமிழர் அம்மொழிகளைக் காக்கக் கடமைப்பட்டவர் மட்டுமல்லர். அவற்றின் தேய்வுக்கு விடைகூறக் கடமைப்பட்டவரும் ஆவர்.

கால்டுவெலுக்குச் செய்யும் நன்றி அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதாகும். மலைமொழிகளிடம் அவர் சான்று கேட்டார். இனிக் கேட்கவேண்டியது பாட்டு. எதுகையும் மோனையும் பயின்ற ஒரு கவிஞர், இணையடி பாடும் தோடர் புலவர் ஒருவரின் அருகில் அமர்ந்து கேட்பாராயின், செவியும் கிஃபும் மீண்டும் ஒன்றாகும். தமிழில் நாம் என்ற சொல்லுக்குக் கேட்பவரை நீக்கிப் பொருள்கொள்ள இலக்கணம் இடந்தருவதில்லை. வேலூரைக் கடந்து கீழ்த்திசை செல்லும் காவிரியும் பைக்காராவின் நீரைத் தனியே பிரித்து விட்டுவிட்டுச் செல்வதில்லை.